பூஜையறைச் சாமான்களைத் துலக்குவதும் பேணுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயுத பூஜை, கார்த்திகை தீபம், தை வெள்ளி என்று ஏதாவது ஒன்று நெருங்கினால் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, எளிதிலிருந்து சிக்கலானதுக்குப் போகும்படி அடுக்கியிருக்கிறோம். பூஜைச் சாமான் அழுக்கால் கெடுவதைவிடத் தப்பான தேய்ப்பால் கெடுவதே அதிகம். அதனால் பல பதில்களில் 'செய்யாதீர்கள்' என்பதுதான் முக்கியமான பகுதி.

1. வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, அப்போ எந்த நாள்தான் தேய்க்கிறது?

பெரும்பாலான வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் விளக்கைத் துலக்குவதில்லை. வியாழக்கிழமை மாலையே துலக்கித் துடைத்து வைத்து, மறுநாள் மஞ்சள் குங்குமம் இட்டு ஏற்றுவார்கள். வேறு வழக்கம் உள்ள குடும்பங்களும் உண்டு. உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதைப் பின்பற்றுங்கள். வியாழன் மாலைக்கு ஒரு நடைமுறை வசதியும் இருக்கிறது: திருகு இடுக்கிலும் தண்டின் உள்ளேயும் நிற்கும் ஈரம் காய ஓர் இரவு முழுக்கக் கிடைக்கிறது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தினமும் ஏற்றும் விளக்கில் தினமும் பழைய திரியை எடுத்து, மிச்ச எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வாரம் ஒரு முறை பிசுக்கு நீக்கும் கழுவல். புளி, எலுமிச்சை, பொடி எல்லாம் மாதம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

2. புளி போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் குத்துவிளக்குல பிசுக்கு போகவே மாட்டேங்குது. என்ன பண்றது?

புளி எண்ணெயைக் கரைக்காது. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின் மேல் படிந்த கறுப்பைத்தான் கரைக்கும். எண்ணெய்ப் படலம் மேலே இருந்தால் அந்தக் கறுப்பையும் எட்டாது. அதனால் முதலில் பிசுக்கு, பிறகு கறுப்பு. இந்த வரிசை மாறினால் கை வலிதான் மிச்சம்.

நல்லெண்ணெய் சூட்டிலும் காற்றிலும் நாள்பட இறுகி, மஞ்சள் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். புதிய பிசுக்கு என்றால் அரிசி மாவையோ கடலை மாவையோ உலர்வாகத் தூவி, பழைய பருத்தித் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெயில் பாதி மாவோடு வந்துவிடும். பிறகு சீயக்காய்த்தூளும் வெந்நீரும், அல்லது சாதாரணப் பாத்திரம் கழுவும் திரவம். சீயக்காய்தான் பழைய வழி. இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

இறுகிப்போன பிசுக்குக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியில் 2 லிட்டர் வெந்நீர் ஊற்றி, 2 மேஜைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, கழற்றிய பாகங்களை 20 நிமிடம் போட்டு வையுங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றும், திரி முகத்தின் மூலைகளுக்கு மூங்கில் குச்சி ஒன்றும் போதும். அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள், சோடா அதை அரிக்கும். முலாம் பூசியது, கல் பதித்தது, அரக்கு நிரப்பியது எதையும் இந்தத் தண்ணீரில் போடக் கூடாது.

3. விளக்கைக் கழட்டவே முடியல. திருகு இறுகிப்போச்சு.

நாச்சியார்கோவில் மாதிரிக் குத்துவிளக்கு பொதுவாக நான்கு பாகமாகக் கழலும்: அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னமோ வேறு உருவமோ உள்ள பிரபை. மறைக்குள் வழிந்த எண்ணெய் இறுகி பசையாக நிற்பதால்தான் திருகு அசைவதில்லை. மூட்டின் வெளிப்பக்கத்தில் மட்டும் கொதிநீரை ஒரு நிமிடம் மெல்ல ஊற்றுங்கள். பிறகு இரண்டு சொட்டு மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு அரை மணி நேரம் விட்டு, இரு கையிலும் ரப்பர் கையுறையோடு திருகிப் பாருங்கள். மண்ணெண்ணெய் விட்டிருந்தால் பாகங்களைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, வாடை போன பிறகுதான் விளக்கேற்ற வேண்டும். குறடு போட்டால் பித்தளையில் பல் பதியும். தண்டு மெல்லியதாக இருந்தால் நசுங்கும்.

ஒரே அளவுள்ள இரண்டு விளக்குகளைச் சேர்த்துக் கழற்றினால் பாகங்கள் மாறாமல் தனித்தனித் தட்டில் வையுங்கள். மறை கையால் வெட்டப்பட்டிருந்தால் ஒன்றின் தட்டு இன்னொன்றின் தண்டில் நேராக உட்காராது.

4. தட்டுக்கு அடியில எண்ணெய் கசிஞ்சு தண்டு வழியா இறங்குது. விளக்கு ஓட்டையா?

பெரும்பாலும் ஓட்டை இல்லை, மறைதான் தளர்ந்திருக்கும். முன்பெல்லாம் பருத்தி நூலைச் சுற்றித் திருகுவார்கள். ஆனால் நூல் எண்ணெயை உறிஞ்சி இறக்கும். குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மறையின் மேல் மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி மாட்டினால் கசிவு நின்றுவிடும். இது தண்டு மூட்டுக்கு மட்டும். சுடர் படும் இடத்துக்கு அருகில் டேப் போகக் கூடாது.

அதன் பிறகும் கசிந்தால் தட்டைத் தனியாகக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். தாளில் வட்டம் விழுந்தால் வார்ப்பில் நுண்துளை இருக்கிறது. பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுங்கள். வீட்டில் பசை போட்டு அடைத்தால் சூட்டில் இளகிவிடும்.

5. சரி, பிசுக்கு போயிடுச்சு. இப்போ புளியை எப்படிப் போடணும்? எவ்வளவு நேரம் ஊறணும்?

இரண்டடி உயர விளக்குக்கு எலுமிச்சை அளவு புளி, கால் டம்ளர் வெந்நீர், ஒரு தேக்கரண்டி கல் உப்பு. பழைய புளியே போதும், புதுப்புளி வீண். பத்து நிமிடம் ஊறவைத்துக் கரைத்து, கோதோடு சேர்த்தே விளக்கின் மேல் பூசித் தேயுங்கள். உப்பு சேர்த்தால் அமிலம் வேகமாக வேலை செய்யும். கறுப்பு இறங்க இரண்டு மூன்று நிமிடம் போதும், ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பூசிவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

உடனே ஓடும் தண்ணீரில் கழுவி, ஒரு கரண்டி சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து மறுபடி கழுவுங்கள். இடுக்கில் நிற்கும் அமிலத்தை அந்தச் சோடா செயலிழக்கச் செய்யும். பலரும் விட்டுவிடும் படி இதுதான். ஒரு வாரத்தில் திருகோரம் பச்சை பூப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

6. தேய்ச்ச பிறகு பித்தளை மஞ்சளா வராம ரோஸ் கலரா, செம்பு மாதிரி ஆயிடுச்சு!

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் அதிக நேரம் இருந்தால் துத்தநாகம் முதலில் கரைந்துபோய், மேற்பரப்பில் செம்பு மட்டும் நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. புளிக்கரைசலில் கரைந்திருக்கும் செம்பு, இரும்பு நார் பட்டால் திரும்ப விளக்கின் மேலேயே படியும். அதனால் புளி போடும்போது கம்பி நார் வேண்டாம். தேங்காய் நாரோ பஞ்சோ போதும்.

படலம் மெல்லியதுதான். பித்தளைப் பொடியோ மெல்லிய விபூதியோ போட்டு, ஈரத்துணியால் சிறு வட்டமாகத் தேய்த்தால் பெரும்பாலும் மஞ்சள் திரும்பிவிடும். மறுபடி புளி போட்டுச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும் சிவக்கும்.

7. காலையில தேய்ச்சா சாயந்திரமே மங்கிடுது. வெள்ளை வெள்ளையா புள்ளியும் வருது.

வெள்ளைப் புள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு. துளிகள் தானாகக் காய விட்டால் அந்த இடத்திலேயே சுண்ணாம்பு நின்றுவிடும். கடைசி அலசலை மட்டும் குடிநீரிலோ மழைநீரிலோ செய்யுங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் போதும். கழுவிய கையோடு பருத்தித் துண்டால் துடைத்து, வெயிலில் பத்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள்.

சீக்கிரம் மங்குவதற்கு மூன்று காரணங்கள்: அமிலம் முழுதாகக் கழுவப்படாதது (5-ஆம் பதில்), வெறுங்கை வியர்வை, கடற்காற்று. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடலோரத்தில் இருப்பவர்கள் மதுரைக்காரர்கள் வீட்டு விளக்கோடு ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம். காய்ந்த பிறகு துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு விளக்கு முழுக்க ஒரு முறை துடைத்து, உலர் துணியால் அதையும் எடுத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் மட்டும் நிற்க வேண்டும். எண்ணெய் தெரிந்தால் தூசு ஒட்டும்.

8. பீதாம்பரி, சபீனா எல்லாம் போடலாமா? இல்ல புளிதான் நல்லதா?

பீதாம்பரி போன்ற பித்தளைப் பொடிகளில் அமிலமும் மெல்லிய தேய்ப்புத் தூளும் சேர்ந்திருக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் சரி. வேகமாக வேலை செய்வதால் புளிக்குச் சொன்ன அதே எச்சரிக்கைதான், ஊற விடக் கூடாது. சபீனா பாத்திரம் தேய்க்கும் பொடி, அதன் துகள் பெரிது. அடிப்பாகத்துக்கும் கற்பூரத் தட்டுக்கும் பரவாயில்லை, விக்கிரகத்தின் முகத்துக்கும் வெள்ளிக்கும் கூடாது.

தரை, கழிவறை துடைக்கும் திரவங்களையும் அம்மோனியா கலந்த கண்ணாடித் தெளிப்பான்களையும் பித்தளையிடம் கொண்டுபோகவே கூடாது. அம்மோனியா பித்தளையில் வெடிப்பு உண்டாக்கும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாகவே வெடித்துப் பிளந்ததற்கு இதுதான் காரணம் என்று 1921-இல் விளக்கினார்கள். குதிரைச் சிறுநீரின் அம்மோனியா!

9. புதுசா வாங்கின விளக்கு திட்டுத்திட்டா கறுக்குது. தேய்ச்சாலும் போகல.

கடையில் பளபளப்பு நிற்க மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். சுடர் படும் இடத்தில் அது கருகி உரிய, உரிந்த இடம் மட்டும் கறுக்கும். புளி வார்னிஷைத் தாண்டிப் போகாது. அலங்காரத்துக்கு மட்டும் வைப்பதென்றால் அப்படியே விட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ஏற்றும் விளக்கு என்றால் வார்னிஷை முழுதாக எடுத்துவிடுவதே நல்லது. 2-இல் சொன்ன சோடாத் தண்ணீரைச் சூடாக வைத்து அரை மணி நேரம் ஊறவிட்டால் பெரும்பாலும் தோலாக உரிந்து வரும். வராவிட்டால் நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் எந்தச் சுடரும் இல்லாதபோது துடையுங்கள். பிறகு சோப்புக் கழுவல். அன்றைக்கே விளக்கேற்ற வேண்டாம்.

10. வெள்ளி விளக்கு கறுத்துப்போச்சு. விபூதியா, பற்பசையா, அந்த அலுமினியத் தாள் வைத்தியமா?

வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றிலுள்ள கந்தகம். லேசான மங்கலுக்கு நல்ல மெல்லிய விபூதியைவிடச் சிறந்தது இல்லை. உலர்வாக, பஞ்சில் தொட்டு, ஒரே திசையில் தேயுங்கள். சாணச் சாம்பல்தானா என்று தெரியாத, சொரசொரப்பான பாக்கெட் விபூதியை முதலில் அடியில் தேய்த்துப் பாருங்கள். பற்பசையின் தேய்ப்புத் தூள் வெள்ளிக்கு அதிகம். பளபளக்கும், ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல் தெரியும்.

அலுமினியத் தாள் முறை உண்மையிலேயே வேலை செய்யும். தாளைப் பளபளப்புப் பக்கம் மேலாகப் பாத்திரத்தில் விரித்து, ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு கரைத்து ஊற்றி, வெள்ளி அந்தத் தாளைத் தொட்டிருக்கும்படி இரண்டு முதல் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் கந்தகம் பிரிகிறது என்று பொருள். வெள்ளி உராய்ந்து போகாமலே கறுப்பு இறங்குவதுதான் இதன் நன்மை. ஆனால் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாடு, கல்லோ முத்தோ பதித்தது, உள்ளே அரக்கு நிரப்பியது, மரத்தின் மேல் வெள்ளித் தகடு போர்த்திய கவசம் — இவற்றுக்கு இந்த முறை ஆகாது. வெந்நீரில் அரக்கு இளகும், கல் கழலும், மரம் உப்பும். இவற்றைத் துணியும் விபூதியும் கொண்டு உலர்வாக மட்டுமே துடைக்க வேண்டும்.

11. தங்க முலாம் பூசினது, கவரிங், ஜெர்மன் சில்வர்?

முலாமும் கவரிங்கும் தலைமயிர் அளவுகூடத் தடிமன் இல்லாத தோல். பொடி, புளி, விபூதி எதுவும் வேண்டாம். மிதமான சோப்புத் தண்ணீரில் தோய்த்த மெல்லிய துணி, உடனே உலர்த்தல், அவ்வளவுதான். ஜெர்மன் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. அலுமினியத் தாள் முறை இதற்குப் பயன்படாது. சோப்பும் தண்ணீரும் போதும்.

12. பஞ்சலோக விக்கிரகத்தையும் புளி போட்டுத் தேய்க்கலாமா?

தேய்க்க வேண்டாம். சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருச்செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த அச்சில் உலோகத்தை வார்க்கிறார்கள். கண்திறப்பு உட்படக் கடைசி நுணுக்கங்கள் எல்லாம் உளியால் கோடு கோடாக வெட்டப்படுபவை. மாதாமாதம் தேய்த்தால் முதலில் போவது மூக்கு நுனியும் கண்கோடும்தான். பல வீடுகளில் பாட்டி காலத்துப் பிள்ளையாருக்கு முகமே வழவழப்பாகியிருப்பதைப் பார்க்கலாம்.

அபிஷேகம் செய்யும் விக்கிரகத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரும், அரப்போ மெல்லிய பச்சைப்பயறு மாவோ போதும். தேனும் பஞ்சாமிர்தமும் இடுக்கில் நின்றால் எறும்பும் வரும், களிம்பும் வரும். அதனால் மென்மையான பிரஷால் மடிப்புகளில் விட்டுவிட்டு அலசி, காதுப் பஞ்சுக்குச்சியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பீடத்தின் அடியில் துளை இருந்தால் அதைக் கீழ்நோக்கி வைத்து வடிய விடுங்கள். பழுப்பு நிறம் தானாகப் படிந்தால் படியட்டும், அது உலோகத்துக்குக் காவல். பளபளப்பாகவே வேண்டும் என்றால் ஆண்டுக்கு ஒரு முறை, முகத்தைத் தொடாமல் செய்யுங்கள். கடையில் இயந்திரப் பஃபிங்குக்குக் கொடுப்பது பூர்ணகும்பத்துக்கும் தட்டுக்கும் சரி, விக்கிரகத்துக்குச் சரியில்லை.

13. அபிஷேகம் பண்ணின பால், தயிரைப் பிரசாதமா குடிக்கிறோம். பரவாயில்லையா?

விக்கிரகம் சுத்தமாக இருந்து, பால் மேலே பட்டு உடனே வடிந்தால் கவலை இல்லை. சிக்கல் இரண்டு இடத்தில். முதலாவது, பொடி போட்டுத் துலக்கிய அன்றே அபிஷேகம் செய்வது. இடுக்கில் நிற்கும் பொடியும் பாலோடு வரும். துலக்கிய பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் அபிஷேகம் செய்து அதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

இரண்டாவது, புளித்த பொருளைச் செம்பிலோ பித்தளையிலோ நிறுத்திவைப்பது. தயிர், எலுமிச்சை, பஞ்சாமிர்தம் ஆகியவை செம்பைக் கரைக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். செம்புப் பாத்திரத்தில் பால் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இங்கே நன்றாகப் பொருந்துகிறது. வார்ப்பு விக்கிரகக் கலவையில் ஈயமும் சேர்ந்திருக்கலாம். ஆகவே தயிரில் விக்கிரகத்தை மூழ்கவைத்து எடுத்த தயிரைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். தீர்த்தத்துக்குச் செம்புப் பஞ்சபாத்திரத்தில் வெறும் தண்ணீரும் துளசியும் இருந்தால் போதும், தினமும் மாற்றுங்கள்.

14. விளக்குல பச்சையா பூத்திருக்கு. எடுத்தாலும் மறுபடி மறுபடி வருது.

எண்ணெய் நிற்கும் இடத்தில் வழவழப்பாக, மெழுகுபோல வரும் பச்சை என்றால் கெட்டுப்போன எண்ணெயின் அமிலம் செம்போடு சேர்ந்தது. 2-இல் சொன்ன கழுவல் போதும். எண்ணெயைத் தட்டில் நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள்.

வெளிர்ப்பச்சைத் தூளாக, புள்ளி புள்ளியாக, துடைத்த இடத்திலேயே திரும்ப வந்தால் அது வேறு. உப்பு உலோகத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஈரம் கிடைக்கும்போதெல்லாம் தின்னும். பழைய செப்புத்திருமேனிகளுக்கு வரும் பெரிய நோய் இதுதான். புளியும் உப்பும் போட்டால் தீயில் எண்ணெய் ஊற்றிய கதை. சாதாரண விளக்கு என்றால் குடிநீரில், தினம் தண்ணீரை மாற்றி, ஒரு வாரம் ஊறவைத்து நன்றாகக் காயவையுங்கள். பழைய விக்கிரகம் என்றால் கைவைக்காமல் 20-ஆம் பதிலைப் பாருங்கள்.

15. பளிங்குப் பிள்ளையார் மேல மஞ்சள் கறை. சோப்பு போட்டா ரத்தம் மாதிரி சிவக்குது!

பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதேதான். சோப்பும் சோடாவும் காரம். தண்ணீரில் அலசினால் மஞ்சளாகத் திரும்பும். மஞ்சள் கறையை எடுப்பது வெயில். ஈரம் துடைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள், வெளிறிவிடும்.

எலுமிச்சை, புளி, வினிகர் மட்டும் பளிங்கின் பக்கம் வரவே கூடாது. பளிங்கு சுண்ணாம்புக்கல், அமிலம் பட்டால் நுரைத்து, மெருகு போய், சொரசொரப்பாகும், அந்தச் சொரசொரப்பில் அடுத்த கறை ஆழமாக இறங்கும். சங்கும் முத்தும் பவளமும் அதே இனம்தான். வலம்புரிச் சங்கை எலுமிச்சையில் ஊறவைத்து வெளுக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். உள்ளே தண்ணீர் விட்டுச் சுழற்றி, வாயைக் கீழே சாய்த்து ஒரு நாள் வடிய விட்டாலே போதும்.

16. சாளக்கிராமம், ஸ்படிகம், ருத்ராட்சம் — இதெல்லாம் எப்படி?

சாளக்கிராமம் நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைக்கும் கரிய கல். உள்ளே தெரியும் சக்கரம் பழங்காலக் கடலுயிரியின் தொல்லெச்சம். சில கற்களில் சுண்ணாம்புப் பாகமும் உண்டு என்பதால் பளிங்குக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். அதன் தீர்த்தத்தைக் குடிப்பதால் வெறும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். ஸ்படிகத்துக்குக் கீறல் எளிதில் விழாது, ஆனால் குளிர்ந்த ஸ்படிகத்தில் வெந்நீர் ஊற்றினால் உள்ளே விரிசல் ஓடும். உருண்டை ஸ்படிகத்தை வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள்: பூதக்கண்ணாடிபோல ஒளியைக் குவித்துத் துணியைப் பற்றவைக்கும்.

ருத்ராட்சம் ஒரு விதைக்கொட்டை. சோப்பு அதை வறட்டி வெடிக்க வைக்கும். முகங்களின் பள்ளத்தில் நிற்கும் அழுக்கை உலர்ந்த பிரஷால் எடுத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை நல்லெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். துளசி மாலையைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்.

17. சாமி படத்துல கண்ணாடிக்குள்ள ஈரம் போயி படம் ஒட்டிக்கிச்சு.

தண்ணீரை நேராகக் கண்ணாடியில் தெளிப்பதால் வருவது. கீழ்ச்சட்டத்தில் வழிந்து, பின்னாலிருந்து காகிதம் அதை உறிஞ்சும். துணியைத்தான் நனைத்துப் பிழிய வேண்டும். சந்தனம், குங்குமப் பொட்டை அந்த ஈரத்துணியால் ஒற்றி, ஊறியபின் எடுங்கள், நகத்தால் சுரண்ட வேண்டாம். ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே விட்டு, படத்தை ஒளிநகல் எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

பின்பக்க அட்டை தளர்ந்திருந்தால் ராமபாணப் பூச்சி நுழையும், பசையும் காகிதமும் அதற்குச் சோறு. ஓரங்களைக் காகித டேப்பால் மூடி, சட்டத்தின் கீழ் இரு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டுங்கள். மாலை போடும்போது பூவை நன்றாக உதறிப் போடுங்கள்.

18. தஞ்சாவூர் படத்துல தங்கம் கறுக்குது. துடைக்கலாமா?

நிஜத் தங்க ரேக்கு கறுக்காது. கறுத்தால் அது போலி ரேக்காக இருக்கும், அல்லது மேலே கற்பூரக் கரி படிந்திருக்கும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்பு மாவும் பசையும் கலந்து மேடு கட்டி, அதன் மேல் ரேக்கு ஒட்டிய வேலை இது. ஈரம் பட்டால் மேடு இளகும், கல் உதிரும். கண்ணாடி போட்டிருந்தால் வெளிக்கண்ணாடியை மட்டும் 17-இல் சொன்னபடி துடையுங்கள். கண்ணாடி இல்லாத படத்தில் மென்மையான ஓவியப் பிரஷால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி மாட்டவே வேண்டாம். உள்ளே வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் படம் எழுதும் கலைஞரிடம்தான் போக வேண்டும்.

19. சுவரும் கூரையும் ஒரே கரி. புகையைக் குறைக்க முடியுமா? அப்புறம், வேலைக்கு வர்ற அம்மாகிட்ட துலக்கக் கொடுக்கலாமா?

கற்பூரம் கரி மிகுந்த பொருள், முழுதாக எரியாமல் புகை விடும். தினம் ஒரு துண்டு ஏற்றுபவர்கள் பாதித் துண்டாக்கினாலே வித்தியாசம் தெரியும். விளக்குப் புகைக்குக் காரணம் பெரும்பாலும் தடித்த திரியும் நீண்ட சுடரும். இரண்டு இழை திரி, முகத்துக்கு வெளியே அரை விரற்கடை, ஈரமில்லாத பஞ்சு. மலையேற்றும்போது ஊதாமல் திரியை எண்ணெயில் இழுத்துவிட்டால் அந்தக் கடைசிப் புகையும் இருக்காது. சுவர்க் கரியை முதலில் உலர்ந்த துணியால் மேலிருந்து கீழாக ஒற்றி எடுங்கள். ஈரத்துணியை எடுத்த எடுப்பில் போட்டால் கரி சுண்ணத்துக்குள் இறங்கி நிரந்தரமாகும்.

இரண்டாவது கேள்விக்கு: தாராளமாகக் கொடுக்கலாம். எந்தப் பொருளுக்கு எந்தப் பொடி என்று சொல்லிக் கொடுங்கள், வெள்ளியையும் முலாமையும் தனியே எடுத்து வையுங்கள். கெடுதல் வருவது யார் கை என்பதால் அல்ல, கையில் இருக்கும் கம்பி நாரால்.

20. கொள்ளுத்தாத்தா காலத்து விக்கிரகம் ஒண்ணு இருக்கு. பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கலாமா?

ஆக்காதீர்கள். பல தலைமுறைப் படிவத்தில்தான் அதன் வயதும் கைவேலையும் தெரியும். அரை மணி நேரப் பாலிஷ் அதை அழித்துவிடும். 14-இல் சொன்ன தூள் பச்சை இருந்தால் உலர்வான இடத்துக்கு மாற்றி, அபிஷேகத்தை நிறுத்தி, அருங்காட்சியக வேதிப் பாதுகாப்பு வல்லுநரிடம் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதிப் பாதுகாப்புக்கூடம் 1930-லிருந்து செப்புத்திருமேனிகளுக்கு இந்த வேலையைச் செய்துவருகிறது.

சட்டமும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள். தனியார் வீட்டில் வைத்திருக்கலாம், ஆனால் பதிவு அலுவலரிடம் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெட்டியில் போட்டு அனுப்புவது குற்றமாகும்.

21. கை உடைஞ்ச சாமி, கிழிஞ்ச படம், தினம் சேர்ற பூ — எங்க போடறது?

உலோக விக்கிரகத்தின் விரலோ ஆயுதமோ உடைந்தால் ஸ்தபதியிடம் கொடுத்துப் பற்றவைக்கலாம். முகம், உடல் சிதைந்தால் உருக்கிப் புதிதாக வார்க்கச் சொல்வது நல்ல வழி. உலோகம் அதே சாமியாகத் திரும்பி வரும். சுடாத களிமண் என்றால் வீட்டிலேயே வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மை தண்ணீரில் எளிதில் கரையாது. 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதை நீர்நிலையில் விடக் கூடாது என்கிறது. படத்தில் கண்ணாடி, சட்டம், காகிதம் மூன்றையும் பிரித்து, காகிதத்தைத் தண்ணீரில் கூழாக்கி மரத்தடியில் புதைக்கலாம். அரசமரத்தடியில் கண்ணாடியோடு சாய்த்து வைத்துவிட்டு வருவது அடுத்தவர் காலைக் கிழிக்கும் வேலை.

நிர்மாலியப் பூவில் நாரையும் ஜிகினாவையும் உருவிவிட்டு மண்தொட்டியில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி ஆற்றில் எறிவது மட்டும் வேண்டாம்.

22. ஒரு மாசம் ஊருக்குப் போறோம். எல்லாத்தையும் எப்படி எடுத்து வைக்கிறது?

எண்ணெயை ஒட்டக் காலிசெய்து, 2-ஆம் பதிலின்படி கழுவி, ஒரு பகல் முழுக்கக் காயவைத்து, வெளுத்த பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். வெள்ளியைச் செய்தித்தாளிலோ கம்பளியிலோ சுற்றாதீர்கள், ரப்பர் பாண்டும் போடாதீர்கள், ரப்பரிலுள்ள கந்தகம் பாண்ட் பட்ட இடத்தில் கறுப்புக் கோடு போடும். வெள்ளிப் பெட்டியில் இரண்டு சுண்ணாம்புக்கட்டி போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விளக்கின் மறைகளை இறுக்காமல் அரைச்சுற்று தளர்த்தி வையுங்கள். வெண்கல மணியை நாக்கு அசையாதபடி துணி திணித்து வையுங்கள். தகரம் கூடுதலாகச் சேர்ந்த வெண்கலம் பித்தளைபோல நசுங்காது, கல் தரையில் விழுந்தால் விரிசல் விடும். விரிசல் விட்ட மணியைப் பற்றவைத்தாலும் பழைய நாதம் வராது.